குடும்பக் காரா, பழைய வேகக் காரா? நெல்லைச் சீமையில் முதல் கார் வாங்குவோருக்கு

கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்து விலை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு பழைய டர்போ வண்டி விலைக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்க்கலாமா?" என்பார்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகத்தைக் கூட்டும் கருவி. முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்கவே கூடாது என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. நானே அப்படி ஒரு வண்டியை நான்கு வருடம் வைத்திருந்தேன். விற்ற அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வாங்கிய முறை தவறு. காரைப் பார்த்தேன், பிடித்தது, முன்பணம் கொடுத்தேன். மற்றதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த வரிசையைத் திருப்பிப்போடுவதுதான் கீழே உள்ள படிகள்.

படி 1: ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்

பைக், பஸ், வாடகைக் கார், மச்சானின் கார் என்று எதில் போனாலும் சரி. எங்கே போனீர்கள், எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், கையில் என்ன சுமை என்று ஒரு மாதம் எழுதுங்கள். கல்யாண மாதமாக இருந்தால் இன்னும் நல்லது.

பெரும்பாலான பக்கங்களில் வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன், பள்ளிக்கூட வாசல், மார்க்கெட் என்றே வரும். டவுன் ரத வீதியில் 150 குதிரைத்திறன் வண்டியும் 80 குதிரைத்திறன் வண்டியும் ஒரே ஆட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும். இரண்டில் எது அதிகம் சூடேறும், எதன் கிளட்ச் காலை அதிகம் வலிக்கச் செய்யும் என்பதுதான் அங்கே வித்தியாசம். மாறாக, வாரத்துக்கு இரண்டு முறை தனியாளாக நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ நான்குவழிச் சாலையில் போய்வருகிறவர் என்றால் கதை வேறு. அவருக்குப் பழைய வேகக் கார் அத்தனை பைத்தியக்காரத்தனம் இல்லை.

படி 2: ஆச்சியை ஏற்றிப் பாருங்கள்

வேடிக்கை இல்லை. வீட்டில் மூட்டுவலியுள்ள ஒருவர் இருந்தால், விற்பவரிடம் சொல்லிவிட்டு அவரை அழைத்துப்போய் உட்காரவைத்து, எழுந்து இறங்கச் சொல்லுங்கள். வேகக் காரின் இருக்கை தாழ்வு. உள்ளே விழுவது எளிது, வெளியே வருவதற்கு ஆள் கைகொடுக்க வேண்டும். வேகன்ஆர் மாதிரி உயரமான டப்பா வடிவ வண்டிகள் இந்த ஊர்க் குடும்பங்களில் ஏன் இத்தனை விற்கின்றன என்பது அந்த நிமிடத்தில் விளங்கிவிடும். டிக்கியில் ஒரு வாழைத்தாரையும் ஓர் அரிசி மூட்டையையும் வைத்து மூடிப் பாருங்கள். வாழைக்கறை விரிப்பில் பட்டால் போகாது; பழைய சாக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 3: சாஸ்தா கோவில் பாதை

நம் ஊரில் கார் வாங்குகிறவர் பங்குனி உத்திரத்தை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும். அன்றைக்கு மொத்த வம்சமும் தன் தன் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் புறப்படும். சிலருக்குக் குளத்தங்கரை, சிலருக்கு மலையடிவாரம், சிலருக்குத் தேரிக்காடு என்னும் செம்மணல் காடு. எங்கள் சாஸ்தா தேரிப்பக்கம். தார்ச்சாலை முடிந்த பிறகு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் செம்மண் தடம், நடுவே பனங்கட்டைகள்.

என் டர்போ செடானில் அம்மா, மதினி, இரண்டு பிள்ளைகள். டிக்கியில் பொங்கல் பானை, விறகு, அடுப்புக்குச் செங்கல். சுமையில் பின்பக்கம் அமுங்கி வண்டி தரையோடு தரையாக ஊர்ந்தது. ஒரு கட்டையில் அடிவயிறு தட்டிற்று. அரை நிமிடத்தில் ஆயில் விளக்கு சிவந்தது. எஞ்சினை உடனே அணைத்ததுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். இன்னும் நூறு மீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும். மச்சானின் பழைய ஆம்னி கயிறு கட்டி இழுத்துவந்தது. உடைந்தது ஆயில் சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. புதியது சென்னையிலிருந்து வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வண்டி புளியமரத்தடியில் நின்றது. அதன் மேல் குருவிகள் செய்த வேலையை எழுத வேண்டாம்.

ஆகவே, உங்கள் குலதெய்வக் கோவிலுக்குப் போகும் பாதையை ஒருமுறை பைக்கில் போய்ப் பாருங்கள். பிறகு காரில் நான்கு பேரை உட்காரவைத்து, குனிந்து, தரைக்கும் எஞ்சின் அடிக்கும் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் உயரத்தை நம்பி இறங்காதீர்கள். ஹோண்டா சிவிக் நம் ஊர் வேகத்தடைகளில் வயிறு தேய்ப்பதற்குப் பெயர்பெற்றது. அதன் உயரம் தாளில் ஒன்றும் அத்தனை மோசமில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி நீளமாக இருந்தால் நடுவயிறுதான் முதலில் தட்டும்.

படி 4: காருக்கு முன் மெக்கானிக்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். குடும்பக் காருக்கு மெக்கானிக் தேட வேண்டியதில்லை. வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ வண்டி நின்றாலும் ஸ்விஃப்டையோ டிசையரையோ கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். பழைய வேகக் காருக்கு அப்படி இல்லை. முதலில் மெக்கானிக்கைக் கண்டுபிடியுங்கள். அவர் கிடைத்த பிறகு காரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பட்டறைக்குப் போய்க் கேட்க வேண்டியவை: இந்தக் கம்பெனி வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா? கடந்த ஒரு வருடத்தில் இதே எஞ்சினைத் திறந்தீர்களா? உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளில் வருகிறது? "எல்லா வண்டியும் ஒன்றுதான் தம்பி, நிறுத்திவிட்டுப் போங்கள்" என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். "இந்த வேலை என்னால் முடியும், கியர் பெட்டி வேலை மட்டும் மதுரைக்குத்தான் போக வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர்தான் உங்கள் ஆள். தன்னால் எது முடியாது என்று தெரிந்தவரிடம்தான் இந்த வண்டியைக் கொடுக்கலாம்.

மதுரை நம்மிடமிருந்து சுமார் 160 கிலோமீட்டர். இழுவை வண்டிக்கு எவ்வளவு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கூடவே ஐந்து பாகங்களின் விலையை எழுதி வாங்குங்கள்: கிளட்ச் செட், டைமிங் பெல்ட்டும் (எஞ்சினின் உள் பாகங்களை ஒத்திசைவாகச் சுழலவைக்கும் பட்டை) தண்ணீர் பம்பும், முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி, ஏ.சி. கம்ப்ரசர், ஒரு முகப்பு விளக்கு. இந்த ஐந்தின் கூட்டுத்தொகையைப் பார்த்து முகம் மாறாதவர்கள் மட்டும் அடுத்த படிக்கு வரலாம்.

படி 5: பணம்

கையில் 6 லட்சம் இருக்கிறது என்று வைப்போம். குடும்பக் கார் என்றால் ஐந்தேமுக்கால் லட்சத்துக்கும் வாங்கலாம். பழைய வேகக் கார் என்றால் 4 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மீதி 2 லட்சம் முதல் ஒன்றரை வருடத்துக்கான செலவு. இது என் கைக்கணக்கு, சாத்திரம் அல்ல. ஆனால் 6 லட்சத்தையும் கொட்டி வாங்கியவர்களின் வண்டிகள்தான் எட்டாம் மாதம் மறுபடி விற்பனைக்கு வருகின்றன.

பெட்ரோல் கணக்கு எளிது. வருடம் 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் காருக்கு 667 லிட்டர். 10 தரும் காருக்கு 1,200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 53,000 ரூபாய் வித்தியாசம். வருடம் 6,000 கிலோமீட்டர்தான் என்றால் வித்தியாசம் பாதியாகிவிடும். குறைவாக ஓட்டுகிறவருக்கே வேகக் கார் கட்டுப்படியாகும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

பலரும் கவனிக்காதது காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி.-க்குள் 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. வரி தனி. 1.6 லிட்டர் எஞ்சின் வெறும் நூறு சி.சி. கூடுதலால் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறது; அதைவிட வேகமான 1.4 லிட்டர் டர்போ நடு வரிசையில் நிற்கிறது.

வயதும் செலவுதான். 15 வருடம் முடிந்த காரின் பதிவைத் தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டினால் 10,000. இது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பசுமை வரியும் சேரும். பத்து வயதைத் தாண்டிய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால் ரொக்கம்தான்.

பிறகு பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் பரவலாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலுக்குப் பிறகு. அதற்கு முந்திய வண்டியில் பெட்ரோல் குழாய்களும் ரப்பர் வளையங்களும் அடிக்கடி பார்க்க வேண்டியவை. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் செல்ல வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

படி 6: எந்த வண்டி?

எல்லாவற்றையும் எழுத இடமில்லை. நம் சந்தையில் அடிபடும் பெயர்கள் மட்டும். 2001-இல் வந்த ஃபியட் பாலியோ 1.6, 2004-இன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இரண்டும் இப்போது பழம்பொருள். இரண்டாவது வண்டியாக, ஞாயிற்றுக்கிழமைக்காக, வைத்துக்கொள்ளலாம். ஆக்டேவியாவின் அந்த 1.8 டர்போவில் டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்க. 2006 முதல் 2013 வரை இங்கே விற்ற சிவிக்கில் எஞ்சின் நெடுநாள் உழைக்கும். அடிவயிற்றைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 ஸ்டியரிங் சுகத்துக்கு வாங்குவது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால் பாகங்கள் பற்றிப் படி 4-இல் சொன்ன விசாரணை இரட்டிப்பு அவசியம். 2015-இன் அபார்த் புன்டோ 145 குதிரைத்திறன். அந்த விலையில் அத்தனை வேகம் வேறு எதிலும் கிடைக்காது, பாகம் கிடைப்பதும் அப்படியே. 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் 7 வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர் பெட்டி, அதாவது இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பெட்டி. ஊர் நெரிசலில் ஊர்ந்தே வாழ்ந்த வண்டியா என்று விசாரியுங்கள். அந்தப் பெட்டிக்கு நெரிசல் ஆகாது, அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் என்ற மின்னணுப் பகுதி பழுதானால் செலவு கண்ணைக் கட்டும்.

இவற்றுக்கு நடுவே ஒரு வழியும் உண்டு. 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் 1 லிட்டர் டர்போ வண்டி. சுமார் 100 குதிரைத்திறன், உடம்பு சாதாரண பலேனோ. டர்போ எஞ்சினைத் தவிர மற்ற பாகங்களில் பெரும்பாலானவை மாருதி கடையில் கிடைப்பவை. பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் இன்னும் எளிமை. எடை குறைவு, மலைப்பாதையில் சிரிக்கவைக்கும். நெல்லையில் ஒரே ஒரு கார்தான் வைத்திருக்க முடியும் என்பவரிடம் நான் பெரும்பாலும் இந்த வழியைத்தான் சொல்கிறேன். அவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

படி 7: வெள்ளமும் உப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்காதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம் வரை வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அன்று நூற்றுக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றிருக்கும். நன்றாகக் கழுவி, சென்ட் அடித்து, இன்றும் அவை கைமாறிக்கொண்டிருக்கலாம். டி.என். 72 (திருநெல்வேலி), 69 (தூத்துக்குடி) எண் வண்டி என்றால் அந்த நாளில் எங்கே நின்றது என்று நேராகவே கேளுங்கள். அதே மாதம் சென்னையையும் மிக்ஜாம் புயல் மூழ்கடித்தது. ஆகவே சென்னை வண்டி என்றாலும் நிம்மதி இல்லை.

சோதனை: முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், வெளியே தெரியாத அந்தக் கடைசி அடியில் சேற்றுக்கறை இருக்கும். இருக்கைக்குக் கீழுள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், முகப்பு விளக்கினுள் நீர்க்கோடு, தரைவிரிப்பின் அடியில் ஈர வாடை. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். வேகக் கார்களில் மின்னணுப் பகுதி அதிகம் என்பதால் தண்ணீர் குடித்த வண்டி இரண்டு வருடம் கழித்துக்கூட ஒவ்வொன்றாகப் படுத்தும்.

திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் வாழ்ந்த வண்டியின் அடிப்பகுதியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். மேலே பளபளக்கும்; கீழே பிரேக் குழாயும் சைலன்சரும் அப்பளமாக உதிரும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் விற்பவர் எப்படிப் பராமரித்தார் என்று வேறு சாட்சி தேவையில்லை.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

காலை ஏழு மணிக்கு முன் போங்கள். பானெட்டைத் தொடுங்கள், சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் முதல் பத்து வினாடிச் சத்தம்தான் உண்மை பேசும். நீலப்புகை ஆயில் எரிவது. விடாமல் வரும் இனிப்பு வாடை வெண்புகை என்றால் கூலன்ட் எரிகிறது. சிறிது நேரம் நின்று ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நீலப்புகை கிளம்புமானால் டர்போவின் சீல் மேல் சந்தேகம் கொள்ளுங்கள்.

நான் எப்போதும் போகும் வழி: கே.டி.சி. நகரில் நான்குவழிச் சாலை ஏறி, ரெட்டியார்பட்டி மலை வெட்டைக் கடந்து, பொன்னாக்குடி வழியாக மூன்றடைப்பு. திரும்பும்போது ஊருக்குள் வந்து, ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு ஈரடுக்கு மேம்பாலம் பக்கம் ஒன்பதரை மணி நெரிசலில் கால் மணி நேரம். வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் இந்தச் சோதனையைத் தாண்டும் வண்டி வேறெந்தச் சோதனையையும் தாண்டும்.

ஆனி, ஆடியில் வாங்குகிறவர் இன்னும் கொஞ்சம் தெற்கே போங்கள். பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. லேசான வண்டி ஸ்டியரிங்கில் நடுங்கும். சக்கர இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்த வண்டி தடம் மாறும். நல்ல நிலையிலுள்ள பழைய கனமான செடான் அந்தக் காற்றில் அசையாமல் போகும். வலக்கால் அரை அங்குலம் இறங்கியதும் மூன்றாவது கியரில் டர்போ விழித்து, இடதுபுறம் பனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அந்தக் கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் மனிதர்கள் புளியமரத்தடியில் ஒன்பது நாள் காத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே வேக வரம்பு 100. அதற்கு மேல் ஆசை இருந்தால் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ பந்தயத்தடத்தில் ஓட்டக் கிடைக்கும் நாள்களை விசாரியுங்கள். சாலையில் மாடு மேய்க்கிறவர் உங்கள் டர்போவைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

படி 9: காகிதம்

சுருக்கமாக முடிக்கிறேன். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், எஞ்சின் எண்ணை வண்டியோடு ஒத்துப்பாருங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராத பாக்கி, கடன் பதிவு, எத்தனையாவது உரிமையாளர் என்று பாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவர் சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடி) அவருடையது, உங்களுக்கு வராது.

செங்கோட்டை, களியக்காவிளை வழியாகக் கேரள எண் வேகக் கார்கள் மலிவாக வரும். படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, இங்கே ஆயுள் வரி, புது எண் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பல நேரம் ஆவியாகிவிடும். எஞ்சின் மென்பொருளைத் திருத்தி வேகம் கூட்டிய வண்டி, இடிமுழக்கச் சைலன்சர் மாட்டிய வண்டி இரண்டையும் நான் தொடுவதில்லை. முன்னவர் அந்தக் கூட்டிய வேகத்தை எப்படி அனுபவித்தார் என்பது எஞ்சினுக்குத்தான் தெரியும். விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனிக்கும் தெரிந்துவிடும்.

வாங்கிய வாரம்

குடும்பக் கார் வாங்கியவர் பூஜை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, திருச்செந்தூருக்குப் புறப்படலாம். வேகக் கார் வாங்கியவர் எலுமிச்சம்பழத்தோடு நேராகப் பட்டறைக்குப் போக வேண்டும்: எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், பெல்ட்டுகள், எல்லாம் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டும். எஞ்சின் அடியில் இரும்புத் தகடு ஒன்று மாட்டச் சொல்லுங்கள். இழுவை வண்டிக்காரரின் எண் போனில் இருக்கட்டும்.

இரண்டு பேருக்கும் ஒரு வேலை பொது. முன் கண்ணாடியில் பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு உங்கள் பெயரில் புதிதாக வாங்கி ஒட்டுங்கள். இல்லையென்றால் நாங்குநேரி சுங்கச்சாவடியை நீங்கள் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கணக்கில் பணம் போகும். இரண்டாம் வாரம் போன் செய்வார். எனக்குச் செய்தார்கள்.